வியாழக்கிழமை பஸ்

கொஞ்சம் நகந்து உக்காருங்க அண்ணாச்சி. பைய மடியில வச்சுக்கிடுதேன், பரவாயில்ல. பெட்டிய டிரைவர் சீட்டுக்குப் பின்னால போட்டாச்சு. கோயில்பட்டிதானே? நானும் கோயில்பட்டிதான். மணி என்ன பாருங்க. பன்னெண்டு இருபத்தெட்டு. இந்த வண்டி எடுக்க வேண்டியது பன்னெண்டு இருவது. எட்டு நிமிசம் லேட்டு, கேக்க நாதியில்ல. நான் இருந்திருந்தா விசிலடிச்சே தள்ளியிருப்பேன்.

கோயில்பட்டி பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவன் நான். மாசானமுத்துன்னு சொன்னா பழைய டிரைவருமார் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தோரு வருசம். ஒரு நாளைக்கு நானூத்திச் சில்லறை வண்டி. எது எத்தனைக்கு வந்துச்சு, எத்தனைக்குப் போச்சு, எல்லாம் என் பேனாவைத் தாண்டித்தான் போகணும். இப்ப ரிட்டயர் ஆகி ஏழு வருசம் ஆச்சு.

எங்க இருந்து வாறேன்னு சொன்னா நம்ப மாட்டீக. இங்கிலாந்து. ரெண்டு மாசம் இருந்துட்டு வாறேன். குடுத்து வச்சவருன்னு சொல்லாதீக. எல்லாரும் அதத்தான் சொல்லுதாக. ஏர்போர்ட்டுல ஆட்டோக்காரரு கூட அதத்தான் சொன்னாரு. ஜெயிலு அண்ணாச்சி. பச்சைப்பசேல்னு ஒரு ஜெயிலு.

என் மக கோமதி அங்க நர்ஸா இருக்கா. மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, தூத்துக்குடிக்காரரு, ஆறு மாசம் கடல்லயே கெடப்பாரு. அவரு திரும்புற வரைக்கும் நீங்களும் அம்மாவும் வந்து இருங்கப்பான்னு டிக்கெட்ட எடுத்து அனுப்பிட்டா. நானும் லண்டன்னு நெனச்சுத்தான் போனேன். ரெட்டை மாடி பஸ்ஸு இருக்கும், நின்னு பாப்போம்னு ஆசை. பிளேன விட்டு இறங்கி கார்ல அஞ்சு மணி நேரம் கூட்டிட்டுப் போறா. ரோடு சின்னதாகிட்டே வருது. கடைசியில ஒரு சந்து. ரெண்டு பக்கமும் கல்லுச் சுவரு. எதுக்க ஒரு டிராக்டர் வந்துச்சு, கோமதி அரை கிலோமீட்டர் பின்னாலயே ஓட்டிட்டுப் போனா. சந்து முடியுற எடத்துல ரெண்டு பக்கமும் மலை, நடுவுல ஒரு ஓடை, அங்கொண்ணு இங்கொண்ணா நாலு வீடு. அவ்வளவுதான் ஊரு.

"கடை எங்கட்டி?"ன்னேன்.

"ஏழு கிலோமீட்டர்ப்பா."

"டீக்கடை?"

"அதுவும் அங்கதான்."

"மனுசங்க?"

"நாலு வீட்லயும் இருக்காங்கப்பா. பாப்பீங்க"ன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா.

சிவப்புக் கலர்ல ஒரு போன் பூத்து நிக்கி. ஆசையாப் போயித் தொறந்து பாத்தா உள்ள போனு கெடையாது. பழைய புஸ்தகமா அடுக்கி வச்சிருக்கான். நம்ம செல்லுல சிக்னல் மாடி ஜன்னல்கிட்ட நின்னாத்தான் கெடைக்கும். காலையில எந்திரிச்சதும் அங்க போயி நின்னுக்கிட்டுத்தான் நம்ம ஊரு நியூஸ் படிக்கிறது. மழை பெய்யும், நிக்கும், மறுபடி பெய்யும். வெளிய போனா செம்மறி ஆடு. திரும்பினா செம்மறி ஆடு. எதுக்க ஒரு ஆளு வந்தா "மார்னிங்"னு சொல்லிட்டு அவன்பாட்டுக்குப் போயிருதான். நின்னு நீங்க யாரு, எந்த ஊரு, எத்தனை பிள்ளைன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஒரே ஒரு ஆறுதல் அந்த பஸ் ஸ்டாப்பு. கல்லுல கட்டி, மேல ஓடு போட்டு, உள்ள ஒரு பெஞ்சு. டயம் எழுதின அட்டை ஒட்டியிருந்துச்சு. கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஆசையாப் பாத்தா ஒரே ஒரு வரி. வியாழக்கிழமை காலை ஒன்பது அம்பது. டவுன்ல இருந்து திரும்பி எடுக்கிறது மத்தியானம் ஒண்ணு நாப்பது. வாரத்துக்கு ஒரு பஸ்ஸு, அண்ணாச்சி! நானூறு வண்டிக்கு டயம் போட்டவன் நான். எனக்கு ஒத்தை பஸ்ஸு.

ஆனாலும் சொல்லணும், டயம்னா டயம். மொத வியாழக்கிழமை போயி நின்னேன். ஒன்பது அம்பது, டாண்ணு வந்துட்டு. ஒரு பொம்பளை ஓட்டிட்டு வாறா. கண்டக்டர் கெடையாது. கதவத் தொறந்து ஏறுறீங்களான்னு கைய காட்டுதா. இல்லம்மா, சும்மா பாக்க வந்தேன்னு நானும் கைய காட்டினேன். அடுத்த வாரம் ஒன்பது அம்பத்தொண்ணு. அதுக்கு அடுத்த வாரம் மறுபடி அம்பது. நான் குறிச்சு வச்சேன். அந்தப் பிள்ளைக்கும் ஒரு டைம்கீப்பர் கெடைச்சான்னு வச்சுக்கிடுங்க.

திருமங்கலம் வந்துட்டா? சரி.

நான் சொல்ல வந்தது என்னன்னா, எனக்குத்தான் அந்த ஊரு ஜெயிலு. என் வீட்டுக்காரிக்கு இல்ல. அவ பேரு பேச்சித்தாய், பேச்சின்னு கூப்பிடுவேன். அவுக அப்பா கிடை போடுற ஆளு. முன்னூறு ஆட்ட ஓட்டிக்கிட்டு ராமநாதபுரம் வரைக்கும் போவாரு. இவளும் கல்யாணத்துக்கு முந்தி அவரு பின்னாலேயே காடு காடா அலைஞ்சவ. நாங்களும் அதே ஆளுகதான், இல்லைங்கல. ஆனா எங்க அப்பா காலத்துலயே ஆட்ட வித்துட்டு என்னைப் படிக்க வச்சிட்டாக. கல்யாணம் ஆன மறுநாளே கண்டிசனாச் சொல்லிட்டேன், என் வீட்டுல ஆட்டுப் புழுக்கை வாசம் வரக்கூடாதுன்னு. ஒரே ஒரு குட்டி வளக்கட்டுமான்னு கேட்டா, அப்ப கோமதி வயித்துல இருந்தா. கூடாதுன்னுட்டேன். அதுக்கப்புறம் கேக்கல. முப்பத்தெட்டு வருசம் அவ கேக்கல. நல்ல பொம்பளை, அண்ணாச்சி. குரலு வீட்டு வாசலத் தாண்டாது.

அங்க போயி மூணாவது வாரம். ஒரு நாள் காலையில கோமதி டூட்டிக்குப் போயிட்டா. வீட்டுப் பின்னால சுவரு இடிஞ்ச எடத்து வழியா ஒரு குட்டி வந்து கெடக்கு. பெறந்து ஒரு நாள் இருக்கும். மழையில நனைஞ்சு, தல தொங்கிப் போச்சு. செத்துப் போயிருச்சுன்னு நான் சொல்லிட்டிருக்கேன், இவ ஓடிப்போயித் தூக்கி, விரல அது வாய்க்குள்ள விட்டுப் பாத்தா. "வாய்க்குள்ள சூடு இருக்கு"ன்னா. அவ்வளவுதான். ஸ்வெட்டருக்குள்ள விட்டு மார்போட கட்டிக்கிட்டு அந்த மழையில நடக்கா. எங்கட்டி போறன்னு பின்னாலயே கத்துதேன். ரெண்டு வயக்காடு தாண்டி ஒரு தொழுவம் இருக்கு, நேரா அங்க போயிட்டா.

அங்க ஹில்டான்னு ஒருத்தி. எழுவது தாண்டினவ. கல்யாணம் காட்சி கெடையாது. இருநூறு ஆடு, ஒத்தை ஆளு. இடுப்பெலும்பு தேஞ்சு போயி நடக்கும்போது ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு நடப்பா. ஏப்ரல் மாசம் அங்க ஆடு ஈனுற காலமாம். வந்தவ கையில குட்டியப் பாத்ததும் ஒரு துண்டத் தூக்கிப் போட்டாளாம். ரெண்டு பேரும் சேந்து தேச்சு, சீம்பாலப் பீய்ச்சிக் குடுத்து, குட்டி எந்திரிச்சு நின்னுட்டு. மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வாறா. சேலையெல்லாம் ரத்தமும் சகதியும். நான் பசியோட உக்காந்திருக்கேன்.

"சோறு எங்கட்டி?"ன்னேன்.

"குட்டி பொழச்சிருச்சு"ன்னா.

நான் கேட்டது என்ன, அவ சொல்லுதது என்ன.

மறுநாளு காலையில ஏழு மணிக்கு செருப்ப மாட்டுதா. எங்கன்னு கேட்டேன். ஹில்டாவுக்கு ஆளு இல்ல, வரச் சொன்னான்னு சொல்லுதா. "அவ வரச் சொன்னது உனக்கு எப்பிடிட்டி வெளங்கிச்சு? அவளுக்குத் தமிழு தெரியுமா, உனக்கு இங்கிலீஷு தெரியுமா?"ன்னேன். "ஆட்டுக்காரிக்கு ஆட்டுக்காரி சொல்லுதது வெளங்காதா?"ன்னுட்டுப் போயிட்டா. நான் போகக்கூடாதுன்னு சொன்னது அவ காதுல விழுந்திருக்கும். நான் ஒண்ணும் மெதுவாச் சொல்லல.

அப்புறம் தெனமும் அதே கதைதான். அந்த ஹில்டா செத்துப்போன தங்கச்சியோட ரப்பர் பூட்சையும், எண்ணெய்த்துணி மாதிரி ஒரு கோட்டையும் குடுத்துட்டா. சேலைக்குக் கீழ பூட்சு, மேல கோட்டு. என் பொண்டாட்டிதானான்னு எனக்கே அடையாளம் தெரியல. ஒரு நாள் என்னதான் நடக்குன்னு பாப்போம்னு போனேன். ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்தே பெறந்திருக்கு. பேச்சி என்ன செஞ்சா, தாயில்லாத வேற ஒரு குட்டியக் கொண்டாந்து, அந்தச் செத்த குட்டி ஈரத்துலயே போட்டு உருட்டி, தன் குட்டின்னு நெனைக்கட்டும்னு ஆட்டு மூஞ்சிக்கு நேரா வச்சா. அந்த ஹில்டாவும் அதையே செய்யத்தான் வாளியோட வந்தாளாம். ஒருத்திய ஒருத்தி பாத்துக்கிட்டு ஒரே சிரிப்பு. தாயாடு நக்க ஆரம்பிச்சிட்டு. இவ சிரிக்கா பாருங்க, பல்லெல்லாம் தெரிய, தலையப் பின்னால சாச்சு. என் வீட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. பொம்பளை சிரிக்கிற சிரிப்பா அது? கூப்பிட்டேன். "இந்தா வாறேன்"ன்னா, வரல.

ராத்திரி சாப்பாட்டுல கோமதிகிட்ட சொன்னேன். "உங்க அம்மாவ அடக்கி வையி. ஊரு ஒலகம் என்ன சொல்லும்?"

"எந்த ஊருப்பா? நாலு வீடு. நாலு வீட்டுக்காரங்களும் அம்மாவப் பத்தி எங்கிட்ட நல்லதாத்தான் சொல்றாங்க"ன்னா.

"எனக்கு யாரு சோறு போடுவா?"

"குக்கர்ல இருக்குப்பா. தெறந்து போட்டுக்கோங்க."

எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. பகல் பூரா அந்த வீட்டுல நான் ஒத்தை ஆளு. ஜன்னலுக்கு வெளிய மலை. கடியாரம் ஓடுற சத்தம் கேக்கும். பத்து மணியாயிருக்கும்னு பாத்தா எட்டே முக்கா. வெளிய போகலாம்னா எங்க போறது? அந்தச் சந்துல நடந்தா சுவரு, சுவரு, சுவரு. ஒரு தடவை கொஞ்ச தூரம் போயித் திரும்பிப் பாத்தேன், ரெண்டு மலையும் ஒண்ணா மூடிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. ஓடி வந்துட்டேன். மனுசன அடைச்சுப் போட்டா என்ன ஆவும்னு அவளுக்குத் தெரியுமா? வீட்டுக்குள்ள ஒருத்தன் கெடக்கானேன்னு ஒரு நெனப்பு இருந்துச்சா?

அஞ்சாவது வியாழக்கிழமை, இன்னைக்கு பஸ்ஸுல ஏறிருவோம்னு முடிவு பண்ணிட்டேன். டவுனுக்குப் போயி நாலு மனுச மூஞ்சியப் பாத்துட்டு வருவோம். இவளையும் கூப்பிட்டேன். அடுப்படியில பூட்சத் தேடிக்கிட்டு நிக்கா.

"இன்னைக்கு முடியாது. ஹில்டாவுக்கு இடுப்பு எந்திரிக்க முடியல. செவல மூஞ்சி ஆடு ஒண்ணு இன்னைக்கு ஈனும், குட்டி வாட்டமா இல்ல, நான் தொட்டுப் பாத்தேன்"ங்கா.

"புருசன் கூப்பிடுதேன்ட்டி."

"நீங்க போயிட்டு வாங்க."

நீங்க போயிட்டு வாங்க! எனக்கு உத்தரவு போடுதா. மணி ஒன்பது முப்பத்தஞ்சு. நான் வெளிய வந்து, கதவச் சாத்தி, பூட்டினேன்.

இருங்க, இருங்க, மொகத்த அப்பிடி வைக்காதீக. நீங்க கேக்காம இருக்க மாட்டீக, நானே சொல்லிருதேன். தொண்ணூத்தி ரெண்டுல எங்க தெருவுல ஒரு பொம்பளை கழுத்துச் சங்கிலிய ஒருத்தன் பட்டப்பகல்ல அத்துட்டுப் போயிட்டான். அன்னையில இருந்து நான் டூட்டிக்குப் போனா வெளிய பூட்டி, சாவிய சட்டைப் பையில போட்டுக்கிடுவேன். பாதுகாப்புக்குத்தான் அண்ணாச்சி. உள்ள என்ன இல்ல? தண்ணி இருக்கு, கக்கூஸு இருக்கு, டிவி இருக்கு. இத்தனை வருசத்துல ஒரு நாள் அவ குறை சொன்னதில்ல. அந்தப் பழக்கத்துலதான் அங்கயும் பூட்டினேன். சரி, கொஞ்சம் கோவமும்தான். அதுவும் அந்த மாதிரி ஆளில்லாத எடத்துல ஒத்தைப் பொம்பளைய எப்பிடித் தொறந்து போட்டுட்டுப் போறது?

உள்ள இருந்து "பூட்டாதீக"ன்னு சொன்னாளாம். எனக்குக் கேட்டுச்சா கேக்கலியான்னு இப்ப எனக்குச் சொல்ல முடியல. பஸ்ஸு ஒன்பது அம்பதுக்கு.

டவுனு நல்லா இருந்துச்சு. சந்தை போட்டிருந்தான். பஸ் ஸ்டாண்டுல பன்னெண்டு வண்டி நிக்கலாம். ஒரு பெஞ்சுல உக்காந்துக்கிட்டேன். டீசல் வாசம். மூணு மணி நேரம் போனதே தெரியல. அங்க ஒரு சூப்பர்வைசரு, என்ன மாதிரிதான், கையில அட்டையோட நிக்காரு. நான் என் கடியாரத்தக் காட்டி, அந்தா அந்த வண்டி ரெண்டு நிமிசம் லேட்டுன்னு விரலக் காட்டினேன். மனுசன் சிரிச்சு, எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்தாரு. நல்ல மனுசன். ஒண்ணு நாப்பதுக்கு ஏறி ரெண்டு இருபத்தஞ்சுக்கு வந்துட்டேன்.

பூட்டு பூட்டினபடிதான் இருக்கு. தொறந்தா உள்ள ஆள் இல்ல. பேச்சி, பேச்சின்னு மாடி வரைக்கும் போனேன். அடுப்படி ஜன்னல் அகலத் தொறந்து கெடக்கு. கீழ ஸ்டூலு. அந்த ஜன்னல் உள்ள இருந்து பாத்தா இடுப்பு உயரம்தான். வெளிய பள்ளம், ஒரு ஆள் உயரத்துக்கு மேல. எட்டிப் பாத்தேன். பூச்சட்டி ஒண்ணு ஒடஞ்சு, மண்ணெல்லாம் செதறி, புல்லுல சறுக்கின தடம். அம்பத்தெட்டு வயசுப் பொம்பளை, அண்ணாச்சி.

ஓடினேன். எனக்கும் மூட்டு வலி, ஆனா அன்னைக்கு ஓடினேன். ரெண்டு வயக்காடும் எப்பிடித் தாண்டினேன்னு தெரியாது. தொழுவத்துல வைக்கோல் மேல அவ உக்காந்திருக்கா. இடது கைய ஒரு துணியில கழுத்தோட தூக்கிக் கட்டியிருக்கு, மணிக்கட்டு வீங்கி சேனைக்கெழங்கு மாதிரி இருக்கு. வலது கை முழங்கை வரைக்கும் ஆட்டுக்குள்ள. ஹில்டா ஸ்டூல்ல உக்காந்தபடி ஆட்டுத் தலைய அணைச்சுப் பிடிச்சிருக்கா. பேச்சிக்கு மூஞ்சியெல்லாம் வேர்வை. வலியில உதட்டக் கடிச்சிருக்கா, உதட்டுல ரத்தம்.

"என்னட்டி இது? வா ஆஸ்பத்திரிக்கு!"ன்னு கத்திட்டேன்.

தலையத் தூக்கி என்னப் பாத்தா. சத்தம் போடல. "கொஞ்சம் இருங்க. இன்னொரு குட்டி இருக்கு"ன்னா.

நான் நின்னேன். வேற என்ன செய்ய? அந்த ஒத்தைக் கையால அவ குட்டியோட காலத் தேடித் திருப்பி இழுத்தா. ஒண்ணு ஏற்கெனவே கீழ கெடந்து தும்முது. ரெண்டாவதும் வந்துச்சு. ஹில்டா அழுதா. பேச்சி அழல. கைய வைக்கோல்ல துடைச்சிட்டு எங்கிட்ட நீட்டினா.

"சாவியக் குடுங்க."

குடுத்தேன். வாங்கி கோட்டுப் பையில போட்டுக்கிட்டா.

விருதுநகர். இங்ஙன அஞ்சு நிமிசம் நிப்பான். வெள்ளரிப்பிஞ்சு வேணுமா அண்ணாச்சி? வேண்டாமா? எனக்கும் வேண்டாம்.

ஹில்டா போன் பண்ணி கோமதி ஓடி வந்தா. ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பாத்தா ரெண்டு எலும்பு முறிஞ்சிருக்கு. எப்பிடி விழுந்தீங்கன்னு அங்க இருந்த நர்ஸு கேக்கா. படியில சறுக்கிட்டுன்னு சொல்லிருட்டின்னு கண்ணாலயே சொன்னேன். பேச்சி என்னப் பாக்கவே இல்ல. "பூட்டிட்டுப் போயிட்டாக. வேலை இருந்துச்சு. ஜன்னல் வழியாக் குதிச்சேன்"ன்னு சொன்னா. கோமதி ஒரு வார்த்தை மாத்தாம அத இங்கிலீஷுல சொல்லுதா. பெத்த மக! அந்த நர்ஸு எழுதுறத நிறுத்திட்டு என்னப் பாத்தா.

பெறகு என்னை வெளிய உக்காரச் சொன்னாக. கோமதியையும் வெளிய போகச் சொல்லிட்டாக. யாரோ ஒரு அம்மா உள்ள போனாக. போன்ல ஒரு தமிழ் பேசுற ஆள வச்சு, பேச்சிகிட்ட தனியாப் பேசினாக. நாப்பத்தஞ்சு நிமிசம். எதுக்க கடியாரம் இருந்துச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நாப்பத்தஞ்சு நிமிசம் அண்ணாச்சி! எங்கிட்ட சேந்தாப்புல அஞ்சு நிமிசம் பேசினவ இல்ல அவ. அப்பிடி என்ன சொல்லியிருப்பா? என்னப் பத்திச் சொல்லுததுக்கு அவ்வளவு என்ன இருக்கு? நான் குடிச்சேனா, அடிச்சேனா, வேற வீட்டுக்குப் போனேனா? சம்பளக் கவரப் பிரிக்காமக் கொண்டு போயிக் குடுத்தவன். இன்னைக்கு வரைக்கும் என்ன பேசினான்னு சொல்ல மாட்டேங்கா.

கோமதிகிட்ட கேட்டேன், வீட்டுக்கு வந்த பெறகு. உங்க அம்மா அப்பிடி என்னட்டி சொன்னான்னு. பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தவ தண்ணிய நிறுத்திட்டா.

"யப்பா, நான் ஸ்கூல் விட்டு வந்தா அம்மா எனக்குக் காப்பி எப்பிடிக் குடுப்பாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எப்பிடி?"

"ஜன்னல் கம்பி வழியா. டம்ளர் போகாது, சங்குல ஊத்தி நீட்டுவாங்க. குழந்தைக்கு மருந்து குடுக்கிற சங்கு. நான் வெளிய படியில உக்காந்து குடிப்பேன். நீங்க எட்டு மணிக்கு வந்து தெறக்கிற வரைக்கும் நான் வெளிய, அம்மா உள்ள. மழை பெஞ்சா எதுத்த வீட்டுல போயி நிப்பேன். எங்க வீட்டுல மட்டும் ஏன் இப்பிடின்னு அம்மாகிட்ட கேட்டேன். அப்பாவுக்குப் பயம், நமக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதேன்னு பயம்னு சொன்னாங்க. உங்களுக்காகத்தாம்ப்பா பேசினாங்க."

"ஆமா, பயம்தான். அதத்தானே நானும் சொல்லுதேன்"ன்னேன். "அவளே சொல்லிருக்கா பாத்தியா?"

கோமதி பாத்திரத்துப் பக்கம் திரும்பிட்டா. பெறகு தண்ணியத் தொறந்து விட்டுட்டா. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன், சொல்லுங்க?

அதுக்குப் பெறகு மூணு வாரம். அத ஏன் கேக்கீக. சாவி எங்கிட்ட கெடையாது. கேக்கவும் ஒரு மாதிரி இருந்துச்சு. கதவு பூட்டாமத்தான் கெடக்கும், யாரும் என்னப் போகாதன்னு சொல்லல. ஆனா போறதுக்கு எடம்? பேச்சி கையில மாவுக்கட்டோட காலையில போயிருவா. மேல சரிவுல குட்டிகளோட அவ கோட்டு மட்டும் தெரியும், நான் மாடி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன். மஞ்சக் கோட்டு. அங்க இருக்கு, இங்க இருக்கு. அது மறைஞ்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். மறுபடி தெரிஞ்சா உக்காருவேன். சாயங்காலம் வந்து சோறு போடுவா. மொகத்துல கோவம் இல்ல. திட்டினா பதிலுக்கு நானும் நாலு சொல்லலாம்ல? திட்டவும் மாட்டா.

திரும்பி வாற டிக்கெட்டு ரெண்டு பேருக்கும் ஒரே நாளு. நாலு நாளைக்கு முந்தி பெட்டி கட்டச் சொன்னேன். என் சட்டை வேட்டியெல்லாம் மடிச்சு ஒத்தைக் கையாலயே அடுக்கினா. மாத்திரைய காலை, மத்தியானம், ராத்திரின்னு தனித்தனியாக் கட்டி வச்சா.

"உன் சேலையெல்லாம் எங்க?"ன்னேன்.

"நான் இப்ப வரல."

"கட்டுப் பிரிக்கிற வரைக்குமா?"

"கட்டுப் பிரிக்கணும். அப்புறம் ஆடு மயிரு கத்தரிக்கணும். ஹில்டாவுக்கு இடுப்பு ஆப்ரேசன் வருது."

"அப்புறம்?"

"தெரியல"ன்னா.

தெரியலயாம். டிக்கெட்ட மாத்துறதெல்லாம் கோமதி எப்பவோ செஞ்சாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் அங்ஙன உக்காந்து, நீ வரலைன்னா நான் சாப்பிட மாட்டேன், செத்துருவேன், அப்பிடியெல்லாம் சொன்னேன். ஆமா, சொன்னேன். என் பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தா. சாக மாட்டீக, குக்கர் வைக்கத்தான் பழகிட்டீகளேன்னா. கிண்டல் இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான் சொன்னா.

கெளம்புற அன்னைக்கு கார் வரைக்கும் வந்தா. நான் போறத அவ தெனமும் பாத்திருக்கா, ஆனா அதெல்லாம் டூட்டிக்கு. கார் அந்தச் சந்துல திரும்புற வரைக்கும் பாத்தேன். நான் நெனச்சேன், ஓடி வருவான்னு. அந்த ஹில்டா கம்பு ஊன்றிக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா. ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டே உள்ள போயிட்டாக.

விசா ஆறு மாசத்துக்குத்தான். செப்டம்பர் வரைக்கும். அப்ப வந்துதானே ஆகணும்? வருவா. வராம எங்க போவா? நீங்களே சொல்லுங்க, வருவாதானே?

சாத்தூர் தாண்டியாச்சு. இன்னும் இருபது நிமிசம். எனக்கு வீட்டுக்குப் போகவே மனசு வரல அண்ணாச்சி, நெசத்தச் சொன்னா. நாலு நாளா ஒரு ரோசனை. போன கையோட என்ன செய்யுறது? வெளிய போனா யாரு உள்ள இருக்கான்னு பூட்ட? உள்ள இருந்தா யாருக்குத் தொறக்க?

ஒரு உதவி செய்வீகளா? உங்க போனக் கொஞ்சம் குடுங்க. வாட்சப் இருக்குல்ல? கோமதி அவளுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்திருக்கா, ஹில்டா வீட்டு வைஃபையில எடுக்கும். சென்னையில இறங்கினதுல இருந்து அடிக்கேன், என் நம்பரு பாத்தா எடுக்க மாட்டேங்கா. கோவம்னு இல்ல, வேலையா இருப்பா. இப்ப அங்க காலை ஒன்பதே முக்கா. நம்பரு மனப்பாடம். நீங்களே போடுங்க. நாலு நாலு... ஆமா. ஆமா. கடைசியில ஏழு. சரி, குடுங்க.

ரிங் போகுது.

எடுத்துட்டா. "ஹலோ, மார்னிங்"ங்கா, அண்ணாச்சி. கேட்டீகளா? அந்த ஊருக்காரி மாதிரியே சொல்லுதா.

பேச்சி. நாந்தான். வேற ஒருத்தர் போனு. ம். வந்துட்டேன். ம். சாப்பிட்டேன். கை எப்பிடி இருக்கு?

ம்.

இல்ல, சும்மாதான். வச்சிராத. என்னது?

என்ன வேணும்னு கேக்கா, அண்ணாச்சி.

வச்சிராத பேச்சி. இரு, யோசிச்சுச் சொல்லுதேன்.